பழைய வீட்டைப் பழுது பார்க்கும் முறை

வீட்டைக் கட்டுவது ஒருவர் காலத்துக் காரியம். அதைக் காப்பது மூன்று தலைமுறையின் கடமை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாட்டனார் காலத்தில் மண்ணையும் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொண்டு எழுப்பிய ஓட்டு வீடுகளும் மச்சு வீடுகளும் இன்றும் பல உள்ளன. அவற்றைச் சரியான முறையில் பழுது பார்த்தால் இன்னும் பல்லாண்டு நிற்கும். முறை தவறிப் பழுது பார்த்தாலோ, செலவழித்த பணமே வீட்டுக்குக் கேடாய் முடியும்.

அறுவடை முடிந்து கையில் பணம் வந்ததும், அல்லது சங்கத்தில் கடன் கிடைத்ததும், குடும்பத்தார் முதலில் நினைப்பது கூடத்துக்குப் பளபளப்பான தரை. அடுத்து, சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் வர்ணமும். கூரை ஒழுக்கு வழக்கம்போல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளப்படுகிறது. இரண்டு ஐப்பசி மழை கழிவதற்குள் சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிர்கிறது, தரையோடுகள் கிளம்புகின்றன. கடன் தவணை மட்டும் குறையாமல் நிற்கிறது. இதற்குக் காரணம் யாதெனில், பழைய வீட்டின் முதற்பகை ஈரம் என்பதை அறியாமையே. ஆகையால் கூரை, சுவர், தரை, அடுப்பு, மின்சாரம் என்ற வரிசையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

1. கூரை

மழை பெய்யும்போதே விளக்குடன் சென்று, ஒழுகும் இடங்களைக் கரியால் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் தேடினால் ஒழுக்கு அகப்படாது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை மழைக்கு முன் பிரித்து, உடைந்தவற்றை மாற்றி அடுக்குவது பழைய வழக்கம், அதைக் கைவிடலாகாது. கைமரங்கள் சுவரில் பதியும் முனைகளையும் உத்திரத்தின் இரு கோடிகளையும் உளியால் குத்திப் பார்க்க வேண்டும். கரையானும் உளுப்பும் முதலில் அங்கேதான் தோன்றும். முனை மட்டும் கெட்டிருந்தால், கெட்ட பாகத்தை அறுத்து நீக்கி, நல்ல மரத்தை இணைத்து முடுக்கினால் போதும். மரம் முழுவதையும் தள்ள வேண்டுவதில்லை.

மச்சு வீடுகளில், மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி கொட்டி அடித்துத் தட்டோடு பதித்திருப்பார்கள். தளம் வெடித்தால் அதன்மேல் சிமெண்டுக் கான்கிரீட்டைக் கொட்டிவிடுவது பலர் செய்யும் பிழை. 100 சதுர அடிப் பரப்பில் 3 அங்குல கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் ஏறக்குறைய 1,700 கிலோ பாரம் கூடுகிறது. பாட்டனார் போட்ட உத்திரம் அப்பாரத்தை எதிர்பார்த்துப் போடப்பட்டதன்று. பழுதான தட்டோடுகளையும் ஜல்லியையும் அவ்விடத்தில் மட்டும் பெயர்த்து, மறுபடியும் சுண்ணாம்பு ஜல்லியே போட்டு அடித்து, தண்ணீர் தேங்காமல் ஓடும்படி வாட்டம் கொடுப்பதே முறை.

2. சுவர்

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றது 1824-ம் வருஷத்தில். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கட்டடங்களுக்கு ஆதாரமாய் இருந்தது சுண்ணாம்பு. இவ்விரண்டின் குணமும் வேறு. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பூமியிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், அத்துவாரங்களின் வழியே காற்றில் கலந்துவிடும். சிமெண்டுப் பூச்சோ அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலும் மேலும் ஏறி, உள்ளிருக்கும் மண்ணையும் காரையையும் கரைத்து, உப்பை வெளித்தள்ளும். வெளியே புதிதாய்த் தோன்றும் சுவர் உள்ளே பொடியாகிக்கொண்டிருக்கும்.

ஆகையால் முதலில் ஈரத்தின் மூலத்தை நீக்க வேண்டும். வருஷாவருஷம் தெரு உயர்ந்து சுவரை மூடியிருந்தால், சுவரோரத்து மண்ணை வெட்டி எடுத்துச் சாக்கடையை அப்பால் திருப்ப வேண்டும். தாழ்வாரத்து நீர் சுவரடியில் விழாதபடி தகரப் பீலி வைக்க வேண்டும். சுவரடியில் சிமெண்டுப் பூச்சு இருந்தால் அதைக் கொத்தி நீக்கி, ஒரு கோடை முழுவதும் உலரவிட வேண்டும். பிறகு நீற்றி ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசி, ஒரு வாரம் நனைத்துவர வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது பெருஞ்சூடு உண்டாகும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே அபாயம். குழந்தைகளை அங்கே விடலாகாது.

3. தரை

சுவர் உலர்ந்த பிறகே தரையில் கை வைக்க வேண்டும். பழைய தரைமேலேயே ஓடு பதித்தால் கதவு இடிக்கும். வாசற்படியின் உயரம் குறைந்து வெள்ளம் உள்ளே வரும். பழைய தரையைப் பெயர்த்து, மண்ணை இறுகத் திமிசு போட்டு, மணலும் உடைந்த செங்கல்லும் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லித் தளம் போட்டு, முற்றத்தை நோக்கிச் சிறிது வாட்டம் வைத்தல் நலம். மேலே காவிப் பூச்சோ, செட்டிநாட்டில் கையால் செய்யப்படும் ஆத்தங்குடி ஓடோ, அவரவர் சக்திக்கேற்பப் போடலாம்.

4. அடுப்பும் வெந்நீரும்

விறகடுப்பின் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுப்பது. அதை அதிகம் அனுபவிப்பவர்கள் பெண்களும் மடிக் குழந்தைகளுமே. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலறிஞர் புகையில்லாச் சமையலறையைப் பற்றி 1953-ம் வருஷத்திலேயே நூல் வெளியிட்டிருக்கிறார். விறகு எரிக்கும் வீடுகளில் புகைபோக்கியைக் கூரைக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். கைமரம் அதைத் தொடலாகாது. எரிவாயு அடுப்பு வைத்திருப்போர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது. தரையை ஒட்டியும் ஒரு காற்றுத் துவாரம் வேண்டும்.

5. மின்சாரம்

பைகாராவில் 1932-லும் மேட்டூரில் 1937-லும் நீர்மின் நிலையங்கள் வேலை தொடங்கிய பின், மின்சாரம் படிப்படியாகக் கிராமங்களை அடைந்தது. அக்காலத்து வீடுகளில் மரப்பட்டியின்மேல் ரப்பர் உறையிட்ட கம்பிகளை ஓட்டினார்கள். ரப்பர் வருஷங்கள் செல்லச் செல்ல உலர்ந்து வெடித்துவிடும். அத்தகைய கம்பி எங்கேனும் மிஞ்சியிருந்தால் ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்ற வேண்டும்.

கணக்கும் பார்க்க வேண்டும். 40 வாட் விளக்குகள் பத்து எரிந்தாலும், 230 வோல்ட் மின்சாரத்தில் 2 ஆம்பியருக்குக் குறைவாகவே ஓடும். 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஒன்று மட்டும் 9 ஆம்பியர் அளவு இழுக்கும். விளக்குக்குப் போட்ட கம்பியில் அதை மாட்டினால் கம்பி சூடேறி, மரக்கூரையில் தீப்பிடிக்க ஏதுவாகும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், வெந்நீர்க் கருவிக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி வழியும், அதற்குரிய தானே விழும் விசையும் வைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது எர்த்து. ஈரச் சுவரில் கசியும் மின்சாரத்துக்குப் பூமிக்குச் செல்ல வேறு வழியில்லாவிடில், தொடுகிறவர் உடலே வழியாகும். எர்த்துக் கம்பியுடன், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் விசையும் அவசியம். அதன் விலை ஓர் உயிரின் விலையன்று. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

கடனும் மதிப்பும்

கடன் கேட்குமுன் கொத்தனாரையும் தச்சரையும் அழைத்து, மேற்கூறிய வரிசையில் உத்தேச மதிப்பு எழுதிக்கொள்ள வேண்டும். பழைய சுவரைத் திறந்தால்தான் தெரியும் பழுதுக்காகப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குதல் நலம். பணம் போதாவிடில் கடைசி வேலையைக் குறைப்பதல்ல வழி; எர்த்தும் மின்காப்பும் எக்காரணத்தாலும் குறையலாகாது. குறைக்க வேண்டியது பளபளப்பை. ஒழுகாத கூரையும் உலர்ந்த சுவரும் உள்ள வீட்டில் சாணம் மெழுகிய தரையும் சுகமே. ஒழுகும் கூரையின்கீழ்ப் பளிங்குத் தரை போட்டும் பயனில்லை.

சங்கக் கூட்டத்தில் கேட்டு விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. பழைய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஏன் ஆகாது?

2. கிராமத்தில் தெரு உயர்ந்து சுவரடி மூடிய வீடுகள் எத்தனை? அம்மண்ணைச் சேர்ந்து அகற்ற வழி என்ன?

3. அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டிலும் எர்த்துக் கம்பி உளதா? கடைசியாகச் சோதித்தது எப்போது?

4. ரூபாய் ஒரு லட்சம் கடன் கிடைத்தால், அவரவர் வீட்டில் முதற்செலவு எதற்கு?