பெருநாள் பலூடாவும் பெப்பர்மின்ட் பால்பானமும்: செய்முறையும் காரணமும்



பானம் தயாரித்தல் பற்றிய வினா வந்தால் மனைப்பொருளியல் மாணவர்கள் பலரும் தேவையான பொருள்களையும் செய்முறைப் படிகளையும் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். "இப்படி ஏன் செய்ய வேண்டும்?" என்று அடுத்த பகுதியில் கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. புள்ளிகள் குறைவதும் அந்த இடத்தில்தான். ஆகவே இப்பாடத்தில் நமது ஊர்களில் நோன்புப் பெருநாளிலும் ஹஜ்ஜுப் பெருநாளிலும் விருந்தினருக்குக் கொடுக்கப்படும் பலூடாவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்குமான காரணத்தைப் பார்ப்போம். அதே பாலைக் கொண்டு பெப்பர்மின்ட் சுவையுள்ள பானம் ஒன்றையும் செய்வோம்.

பலூடாவின் வரலாறு

பாரசீகத்தின் ஷீராஸ் நகரம் "பாலூதே" என்னும் இனிப்புக்குப் பெயர் பெற்றது. மாப்பொருளில் செய்த மெல்லிய நூல்களை ரோஸ் நீர் கலந்த சீனிப்பாகில் உறையவைத்து உண்பார்கள். முகலாயர் காலத்தில் இது இந்தியாவுக்கு வந்து, பாலுடன் சேர்ந்து பலூடா ஆயிற்று என்பர். மொரிசியஸ் தீவில் இதற்கு "அலூடா" என்று பெயர். அங்கும் கசகசாவும் அகரும் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் டிசம்பர் பண்டிகைக் காலத்தில் சிவப்பு வெள்ளைக் கோடிட்ட பெப்பர்மின்ட் இனிப்புகளைப் பொடித்து ஐஸ்கிறீமும் பாலும் சேர்த்து அடித்துக் குடிப்பார்கள். பண்டிகை வேறு, சுவை வேறு. ஆனால் குளிர்ந்த பால், இனிப்பு, மணம் என்ற மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றே.

கசகசா என்பது எது?

நமது கடைகளில் "கசகசா" என்று கேட்டால் கிடைக்கும் சிறிய கறுப்பு விதை துளசி இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சையின் விதையாகும். இந்தியாவில் இதனைச் சப்ஜா விதை என்பர். அங்கு "கசகசா" என்றால் அபினிச் செடியின் வெளிறிய விதை; அது கறிக்கு அரைத்துச் சேர்ப்பது. இந்திய நூல்களைப் பார்த்து எழுதும் மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இது விடைத்தாளுக்கு மட்டும் உரிய வேறுபாடு அன்று. அபினிச் செடியின் விதை ஐக்கிய அரபு இராச்சியத்தில் தடைசெய்யப்பட்ட பொருளாகும். நமது பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வோர் பலர். அவர்களின் பொதியில் எந்த விதை போகிறது என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நல்லது.

திருநீற்றுப்பச்சை விதையின் வெளியுறையில் நீரை உறிஞ்சும் பல்சக்கரைட்டுப் பொருள் உண்டு. நீரில் இட்டவுடன் அது வீங்கி, விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படையாகிறது. இரண்டு தேக்கரண்டி விதைக்கு ஒரு கோப்பை நீர் போதும். 15 முதல் 20 நிமிடங்களில் ஊறிவிடும். பாலில் நேரடியாக இட்டால் சரியாக ஊறாமல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த விதையை அப்படியே விழுங்கினால் அது தொண்டையிலேயே வீங்கக்கூடும் என்பதால், சிறுபிள்ளைகளுக்கு ஒருபோதும் ஊறாமல் கொடுக்கக் கூடாது.

கடற்பாசியா, ஜெலற்றினா?

பலூடாவில் இடும் ஜெலியை இரு பொருள்களால் செய்யலாம். கடற்பாசி அல்லது அகர் எனப்படுவது சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் காபோவைதரேற்று ஆகும். புத்தளம் களப்பில் வளரும் பாசி ஒன்று "சிலோன் மொஸ்" என்ற பெயரில் அகர் தரும் பாசியாக நெடுங்காலமாகவே உலகம் அறிந்தது. ஜெலற்றின் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படும் புரதமாகும்.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மூன்று வினாக்களுக்கு விடை எழுதலாம். ஒன்று, ஜெலற்றினின் மூலவிலங்கு எது, அது ஹலாலானதா என்று பார்க்க வேண்டியுள்ளது; அகர் தாவர வகையானதால் அக்கேள்வி எழுவதில்லை. அடுத்தது வெப்பம். அகர் கொதிநீரில் கரைந்து 32 முதல் 40 பாகை செல்சியசில் இறுகும். ஒருமுறை இறுகியபின் 85 பாகை அளவுக்குச் சூடாக்கினாலன்றி உருகாது. ஜெலற்றின் ஜெலியோ உடல் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்முனையிலோ நிந்தவூரிலோ நண்பகலில் மேசைமேல் வைத்த ஜெலற்றின் ஜெலி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது, பச்சை அன்னாசி. அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்னும் நொதியம் புரதத்தைச் சிதைப்பதால் ஜெலற்றின் இறுகாது. அகர் புரதமன்று, எனவே அதில் இந்த நொதியம் செயற்படாது. அதே காரணத்தால் பச்சை அன்னாசியைப் பாலில் சேர்த்து வைத்தால் பால் கசக்கும். அன்னாசியைக் கொதிக்கவைத்தால் நொதியம் அழிந்துவிடும். தகரத்தில் அடைத்த அன்னாசியால் இத்தொல்லை வராமைக்கும் இதுவே காரணம்.

பால்: பாடத்தின் மையம்

பசும்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர். மீதியில் கொழுப்பு, புரதம், இலக்டோசு எனப்படும் பால்வெல்லம், கல்சியம் முதலிய கனியுப்புகள் உள்ளன. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதமளவில் உள்ளதால் பானம் தடிப்பாக வரும். இத்தனை போசணை நிறைந்த பால் மனிதருக்கு நல்லதுபோல் பற்றீரியாவுக்கும் நல்லது.

போத்தலில் வீட்டுக்கு வரும் பச்சைப்பாலைக் காய்ச்சாமல் எந்தப் பானத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. புரூசெல்லோசிஸ், காசநோய் போன்றவை பச்சைப்பால் மூலம் பரவக்கூடும். பாச்சராக்கத்தில் பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 செக்கன் வைத்திருந்து உடனே குளிராக்குவர். வீட்டில் வெப்பமானி இல்லாதவிடத்துப் பொங்கும்வரை கிளறிக் காய்ச்சுவதே வழி. பால்மா பயன்படுத்துவோர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சியதுடன் வேலை முடிவதில்லை. 5 முதல் 60 பாகை வரையான வெப்பநிலை பற்றீரியா பெருகும் அபாய வலயம் ஆகும். பால் ஆறும்போது இவ்வலயத்தைக் கடந்தே ஆகவேண்டும். எனவே விரைந்து கடக்கச் செய்ய வேண்டும். பாத்திரத்தை அகன்ற தட்டிலுள்ள குளிர்ந்த நீரில் வைத்துக் கிளறுங்கள், நீரை இருமுறை மாற்றுங்கள், ஆறியவுடன் மூடிக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். சூடான பாலைப் பெரிய பாத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் அதன் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பக்கத்திலுள்ள உணவுகளும் சூடாகும்.

ஒரு கணக்கு. ஏற்ற நிலைமையில் ஒரு பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் எனக் கொள்வோம். 3 மணித்தியாலத்தில் 9 தடவை இரட்டிப்பாகும். ஒன்று 512 ஆகிவிடும். அடுத்த 3 மணித்தியாலத்தில் அந்த 512 இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். விருந்தாளிகள் வந்துகொண்டேயிருக்கும் பெருநாளில் பால் மேசையிலேயே இருப்பது வழக்கம் என்பதால்தான் இக்கணக்கு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது; சில நாட்களில் நோன்பு தொடங்கியது. மின்சாரம் இல்லாத பெட்டி வெறும் அலுமாரிதான். அத்தகைய நாளில் பாலைச் சேமித்து வைக்காமல், குடிக்கும் அளவுக்கு மட்டும் அவ்வப்போது காய்ச்சுவதே அறிவு.

பனிக்கட்டியைப் பற்றி ஒரு சொல். உறைதல் நுண்ணங்கிகளை அழிக்காது. அவற்றின் பெருக்கத்தை நிறுத்திவைக்கும், அவ்வளவே. பனிக்கட்டி உருகியதும் நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றின் கிருமிகள் குவளைக்குள் வந்துவிடும். மீன் பழுதடையாமல் வைப்பதற்கென்று செய்யப்படும் பெரிய ஐஸ்பாளத்தை உடைத்துப் பானத்தில் இடுவதைக் கடற்கரை ஊர்களில் காணலாம். அது குடிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. கொதித்து ஆறிய நீரை வீட்டிலேயே உறையவைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை (4 பேருக்கு)

முதலில் பாகு. 500 கிராம் சீனியை 250 மி.லீ. நீரில் இட்டுச் சிறுதீயில் கரைத்து, ஆறியபின் ரோஸ் சுவையூட்டியும் உணவுக்குரிய சிவப்பு நிறமூட்டியும் சில துளிகள் சேர்த்துச் சுத்தமான உலர்ந்த போத்தலில் ஊற்றுக. மூன்றில் இரண்டு பங்கு சீனியாக உள்ள இப்பாகில் நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நீர் கிடைக்காததால் இது எளிதில் பழுதடையாது. ஈரக் கரண்டி போட்டால் மேற்பரப்பில் பாகு ஐதாகிப் பூஞ்சணம் பிடிக்கும்.

5 கிராம் கடற்பாசி நாரை 20 நிமிடம் ஊறவைத்து, 500 மி.லீ. நீரில் ஒரு துண்டும் மிதக்காமல் கரையும்வரை கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றி, இறுகியதும் சிறு சதுரமாக வெட்டுக. சேமியா விரும்பினால் 50 கிராமை அவித்துக் குளிர்ந்த நீரில் அலசிக்கொள்க; அலசாவிட்டால் மாப்பசை பாலைக் கூழாக்கும்.

காய்ச்சிக் குளிரவைத்த பால் 700 மி.லீ., பாகு 4 மேசைக்கரண்டி ஆகியவற்றைப் பிளெண்டரில் ஒரு நிமிடம் அடிக்கவும். பிளெண்டர் இல்லையேல் இறுக மூடிய போத்தலில் இட்டுக் குலுக்கலாம். அடிக்கும்போது உட்புகும் வளிக்குமிழிகளைப் பாற்புரதம் சூழ்ந்து நிற்பதால் நுரை நிலைக்கிறது. குவளையில் முதலில் ஜெலி, அதன்மேல் கசகசா, சேமியா, பின்னர் பால் என்ற வரிசையில் இடுக. கஜுவும் பிளம்சும் கடைசியில். ஐஸ்கிறீம் வீட்டாரின் விருப்பம். அதனைப் பற்றிக் கீழே சொல்லப்படுகிறது.

எலுமிச்சஞ்சாறு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கக் கூடாது. பாலின் பி.எச். பெறுமானம் 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் என்னும் புரதம் திரண்டு பால் திரைந்துவிடும்.

பெப்பர்மின்ட் பானம்

ரோஸ் பாகுக்குப் பதிலாக நிறமற்ற சீனிப்பாகையும், 4 குவளைக்கு இரண்டு துளி பெப்பர்மின்ட் சுவையூட்டியையும் சேர்த்து அடித்தால் இப்பானம் கிடைக்கும். மேலே ஒரு மின்சி இலை வைக்கலாம். ரோசையும் பெப்பர்மின்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்; இரண்டும் கெட்டுவிடும். பெப்பர்மின்ட் எண்ணெய் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆதலால் கொழுப்பு நீக்கிய பாலில் அதன் காரம் நாவில் குத்தும்; முழுப்பாலில் மென்மையாக வரும். உணவுக்கென்று சிட்டையில் எழுதப்பட்ட சுவையூட்டியையே பயன்படுத்துக. வலிக்குப் பூசும் எண்ணெய் உணவுக்குரியதன்று.

இதில் முக்கியமானது பின்வருவது. பெப்பர்மின்டிலுள்ள மென்தோல் பானத்தின் வெப்பநிலையைச் சிறிதும் குறைப்பதில்லை. நாவிலுள்ள குளிரை உணரும் வாங்கியை அது தூண்டுகிறது. மூளை குளிர் என்று எண்ணிக்கொள்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் 2002இல் தனித்தனியே மென்தோலைக் கொண்டு இவ்வாங்கியைக் கண்டறிந்தன. வெப்பநிலையையும் தொடுகையையும் உணரும் வாங்கிகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது. ஆகவே வெயிலில் நின்ற பாலும் பெப்பர்மின்ட் சேர்த்தால் வாய்க்குக் குளிர்ச்சியாகத் தோன்றும். புளிக்கத் தொடங்கிய மணத்தையும் அது மறைத்துவிடும். பெட்டியிலிருந்து பாலை எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். நாவைக் கேட்டு அன்று.

நெஞ்செரிவு உள்ளவர்கள் புரியாணி உண்டதும் இதனைக் குடிக்காதிருப்பது நல்லது. பெப்பர்மின்ட் களத்தின் கீழ்முனைத் தசையைத் தளரச் செய்து அமிலம் மேலேறுவதற்கு இடமளிக்கும்.

சீனியின் நிறம்

மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இடும் முறை இலங்கையில் 2016இல் வந்தது. 100 மி.லீ. பானத்தில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவானால் பச்சை. வீட்டுப் பலூடாவுக்கு எந்த நிறம் என்று நாமே கணிப்போம்.

மேலே கூறிய பாகு ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 13 கிராம் சீனி உண்டு. 250 மி.லீ. குவளைக்கு இரண்டு கரண்டி விட்டால் 26 கிராம். ஐஸ்கிறீமும் இனிப்பு ஜெலியும் இன்னும் 13 கிராம் தரும் எனக் கொண்டால் மொத்தம் 39 கிராம், 100 மி.லீ. இல் 15 கிராமுக்கு மேல். சிவப்பு! நமது செய்முறைப்படி ஒரே கரண்டி பாகு, இனிப்பில்லாத ஜெலி, ஐஸ்கிறீம் இல்லை என்றால் 5 கிராமளவில் வந்து செம்மஞ்சளில் நிற்கும். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குப் பாகு விடாத குவளையைத் தனியாக எடுத்து வைக்கலாம். கசகசாவும் ஜெலியும் இருப்பதால் அவர்களுக்கும் பெருநாள் பானம் கிடைத்ததாகவே இருக்கும். எனினும் பாலில் இயல்பாக உள்ள வெல்லம் இக்கணக்கில் சேரவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

மாதிரி வினாவும் விடையும்

வினா: பெருநாளன்று காலை 7 மணிக்குக் காய்ச்சிய பாலைப் பெரிய பாத்திரத்தில் மேசைமேல் வைத்து, ஜெலியைக் கையால் எடுத்துப் போட்டு, 12 மணிக்குப் பலூடாவாகப் பரிமாறினர். பிற்பகலில் பிள்ளைகள் இருவருக்கு வாந்தி ஏற்பட்டது. காரணத்தை விளக்குக. அப்பாலை மீண்டும் கொதிக்கவைத்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா?

"பால் பழுதடைந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. விடையில் இவை வரவேண்டும்: காய்ச்சிய பால் அபாய வலயத்தில் 5 மணித்தியாலமளவில் இருந்தது, தோலிலும் மூக்கிலும் காணப்படும் ஸ்ரபைலோகொக்கசு என்னும் பற்றீரியா கை மூலம் உணவை அடைந்திருக்கலாம், அது பெருகும்போது நச்சுப்பொருளைச் சுரக்கும், உண்டு சில மணித்தியாலத்துள் வாந்தி தோன்றுவது இந்நச்சுக்குரிய அறிகுறியாகும். இரண்டாம் பகுதிக்கு விடை "தடுக்கப்பட்டிருக்காது" என்பதே. கொதிக்கவைத்தால் பற்றீரியா இறக்கும். ஆனால் முன்னரே சுரந்த நச்சு வெப்பத்தால் எளிதில் அழியாது. இக்கடைசி வாக்கியத்தை எழுதுபவரே முழுப்புள்ளி பெறுவார்.

பயிற்சி: பச்சை அன்னாசித் துண்டுகள் சேர்த்த ஜெலி ஒரு வீட்டில் இறுகியது, அடுத்த வீட்டில் இறுகவில்லை. இரு வீட்டாரும் பயன்படுத்திய பொருள்கள் எவையாக இருக்கலாம்? உமது விடைக்குக் காரணம் கூறுக.