முதுமையும் நிறைவும்

முதியோர்க்கு வாழ்வில் நிறைவு உண்டோ எனின், உண்டு. ஆயினும் ஆசை ஓய்ந்து வாளா இருத்தலே அந்நிறைவு என்பார் பலர். அது பொருந்துமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கண் மங்குதலும் செவி மந்தமாதலும் கருவிகளின் தளர்ச்சியே. கருவி தளர்ந்தமையால் விடயங்களிற் செல்லாதிருத்தல் பற்றறுதல் ஆகாது. விளக்கு அவிந்த அறையிற் பொருள்களைக் காணாதவன் அவற்றைத் துறந்தவன் ஆகாமை போல. உடல் மூத்தல் வேறு, மலம் பரிபாகமாதல் வேறு. யாண்டு அதனை அளக்கும் கோலன்று. சம்பந்தர் 16 யாண்டிலும் நாவரசர் 81 யாண்டிலும் இறைவனடி சேர்ந்தனர் என்ப.

திருவாமூரில் தோன்றிய நாவரசர், முதுமையிலும் உழவாரப் படையைக் கைவிட்டாரிலர். திருப்புகலூரில் அவர் பணிசெய்த இடமெங்கும் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றை உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார் எனச் சேக்கிழார் அருளினார். கண் பொன்னைக் கண்டது; கை அதனை ஏந்திற்று; உள்ளம் மட்டும் அதன்கட் செல்லவில்லை. கருவி ஓய்ந்தமையால் வந்ததன்று அந்நிறைவு. அன்பு முதிர்ந்தமையால் வந்தது என்க.

எஞ்சிய காலம் குறுகியது என உணர்ந்தோர், புதியன தேடுதலை விட்டு, உள்ளத்திற்கு இனிய உறவையும் செயலையும் நாடுவர் என்பர் அமெரிக்க உளநூல் அறிஞர் லாரா கார்ஸ்டென்சன். அந்நாட்டத்தை அவர் கண்டு கூறினார். நாடற்குரிய பொருள் இதுவென்பதைச் சித்தாந்தம் காட்டும்.

அற்றேல், உடல் தளர்ந்தார்க்குத் தொண்டு கூடுமோ எனின், கூடும். சரியை ஒருவகைத்தன்று. கோட்டக்குப்பத்தைச் சூழ்ந்த நாட்டிலே, சம்பந்தர் பாடல் பெற்ற இரும்பைமாகாளமும் அரசிலியும் உள்ளன. அங்குச் சென்று அலகிடலாம். அது மாட்டாதார் இல்லத்திலிருந்தே மாலை தொடுத்து அனுப்பலாம். அதுவும் மாட்டாதார் சிறார்க்குத் திருமுறை ஓதுவிக்கலாம். பாயலிற் கிடப்பார்க்கும் திருவைந்தெழுத்து உண்டு.

பெற்றோர்க்கு உணவும் மருந்தும் அளித்தல் மக்கள் கடன். 2007ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் அக்கடனை விதித்துளது. ஆயின் அவற்றை அளித்து, “இனி உமக்கு வேலையில்லை” என மூலையில் இருத்துதல் பேணுதல் ஆகாது. நிறைவு வரும் வாயிலை அடைத்தலேயாம். இல்லறத்தாரும் திருமடத்தாரும் திருக்கோயிலாரும் முதியோர்க்கு ஏற்ற திருப்பணியை வகுத்துத் தருவாராக.