மெல்லிய லேப்டாப் கொதிக்கிறதா?

லேப்டாப் சூடாகிறது என்றதும் பலர் முதலில் தேடுவது கூலிங் பேட். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். சூடு எங்கே பிறக்கிறது என்று பார்த்து அங்கேயே குறைப்பதற்குக் காசு செலவில்லை.

பிராசஸர் எரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மெல்லிய லேப்டாப்களில் வரும் இன்டெல் சிப்கள் பலவற்றுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். 2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, அலுமினிய உடம்புதான் சூட்டை வெளியே விடுகிறது. அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது. சூட்டில் உண்மையிலேயே கெட்டுப்போவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி தொடர்ந்து சூட்டில் கிடந்தால், இழந்த கொள்ளளவு திரும்பி வராது. ஆகவே காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

முதலில் கையை வைத்துப் பாருங்கள். கீபோர்டுக்கு மேலே, திரை மடங்கும் கீல் பக்கம் சுட்டால் அது பெரும்பாலும் பிராசஸரின் சூடு. வேலை நடக்கும்போது அது இயல்பு. உள்ளங்கை வைக்கும் பகுதியின் கீழே பெரும்பாலான மாடல்களில் பேட்டரி இருக்கும். அங்கே சுட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து, யார் இவ்வளவு உழைக்கிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பவர் மேலே வருவார். மேக்கில் இதே வேலைக்கு ஆக்டிவிட்டி மானிட்டர். பெரும்பாலும் மாட்டுவது பிரவுசர்தான்: வாரக்கணக்கில் மூடாத டேப்கள், தானாக ஓடும் விளம்பர வீடியோக்கள். விண்டோஸில் குரோமைத் திறந்து ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் எந்த டேப் குற்றவாளி என்பதே தெரிந்துவிடும். வீடியோ மீட்டிங்கில் பின்னணியை மங்கலாக்கும் வசதியும் பிராசஸரை நன்றாக வேலை வாங்கும். பின்னால் வெறும் சுவர்தான் என்றால் அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். முடிந்ததும் சூடு தானே இறங்கும்.

அதிகப் பலன் தருவது அடுத்து வரும் வேலை, பலர் தொடாததும் இதுதான். இன்டெல் கோர் ஐ7-1255யு சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை மின்சக்தி 15 வாட். டர்போவில், அதாவது சிப் கூடுதல் வேகமெடுக்கும்போது, 55 வாட் வரை போகும். விரல் தடிமன்கூட இல்லாத ஓர் உடம்புக்குள் இத்தனை சூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போய், பவர் மோடை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’க்கு மாற்றுங்கள். மேக்கில் லோ பவர் மோட். விண்டோஸில் அது போதவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். பொதுவாக இந்த ஒரு சதவீதம் டர்போவையே நிறுத்திவிடும். சில புதிய லேப்டாப்களில் இந்த வரி கண்ணில் படாது. அப்போது பவர் மோடோடு நிறுத்திக்கொள்ளலாம். கடிதம், கணக்கு, யூடியூப் இவற்றுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட்டிங் செய்யும் நாளில் பழையபடி 100-க்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று போகும் வழி. பல மாடல்கள் அடியிலிருந்து காற்றை இழுத்துக் கீல் பக்கமாக வெளியே தள்ளுகின்றன. மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அந்தத் துளைகள் அடைபடும். மேஜையில் வைத்து, பின்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து விரலளவு உயர்த்துங்கள். துளைகளை மட்டும் புத்தகம் மறைக்கக் கூடாது. பெரிய மானிட்டரில் இணைத்துவிட்டு லேப்டாப்பை மூடிவைப்பவர்கள், திரையைத் திறந்தே வைப்பது நல்லது. மணிக்கணக்காகத் தொடைமேல் வைப்பதும் வேண்டாம். அந்தச் சூட்டால் தோலில் வலைபோல நிறமாற்றம் வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மேக்புக்கைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். சென்னையில் மே மாதம் 40-ஐத் தொடும்போது பாதி யுத்தம் அங்கேயே தோற்றாகிவிட்டது. கனமான வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே நீர் கோர்த்துக்கொண்டால் சூட்டைவிட அதுதான் ஆபத்து.

நாள் முழுக்கச் சார்ஜரில் இருக்கும் லேப்டாப் என்றால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இயக்குங்கள். பல நிறுவனங்களின் சொந்த ஆப்பிலேயே அது இருக்கிறது. பைக்குள் வைக்கும் முன் ஷட் டவுன் செய்வதும் நல்ல பழக்கம். புதிய விண்டோஸ் லேப்டாப்களில் மூடியபின் வரும் தூக்கம் அரைத் தூக்கம்தான். பைக்குள்ளேயே விழித்து வேலை செய்து கொதித்துவிடுவது உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபேன் அலறினால் தூசி அடைத்திருக்கலாம். சர்வீஸ் கடையில் பின்மூடியைக் கழற்றி ஊதித் தரச் சொல்லுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லவும் மறக்க வேண்டாம். பழைய லேப்டாப் என்றால், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். கூலிங் பேட் வாங்குவதைப் பற்றி இனி யோசிக்கலாம், பலருக்குத் தேவைப்படாது.

டச்பேட் மேலெழுந்தாலோ, மூடினால் திரை சரியாகப் பொருந்தாவிட்டாலோ, அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. உடனே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.