புற்றுக் கட்டி இழுக்கும் திருட்டுக் குழாய்

"வயித்து எரிச்சல்தானே, ஒரு சோடா குடிச்சா அடங்கிடும்" என்று மாதக் கணக்கில் சமாளித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். பெரும்பாலும் அது வெறும் புண்ணாகத்தான் இருக்கும். சிலருக்கு அதுவே இரைப்பைப் புற்றுநோயின் தொடக்கமாகிவிடுகிறது. அந்தக் கட்டி எப்படி வளர்கிறது, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று இம்மாதம் பார்ப்போம்.

லயத்துக்குத் தண்ணீர் வரும் பெரிய பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிசை போட்டவன் ராத்திரியோடு ராத்திரியாக அதிலிருந்து ஒரு குழாய் இழுத்துக்கொண்டால் எப்படி? புற்றுக் கட்டியும் அதைத்தான் செய்கிறது. கடுகளவு, அதாவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்வரை அக்கம்பக்கத்தில் கசிவதே அதற்குப் போதும். அதற்கு மேல் வளர, சொந்தமாக ரத்தக் குழாய் வேண்டும்.

இதைக் கவனித்தவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க டாக்டர். 1960களின் தொடக்கத்தில், முயலின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து, அதில் எலியின் புற்றணுக்களை விட்டுப் பார்த்தார். கட்டி கடுகளவிலேயே நின்றுபோனது. அதையே எலியின் உடம்பில் வைத்ததும் மளமளவென்று பெருத்தது. ரத்தக் குழாயை அடைத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-இல் எழுதினார். அப்போது நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ரத்தம் கேட்டு அந்தக் கட்டி ஒரு புரதத்தை வெளியே அனுப்புகிறது. அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். இது சாவி மாதிரி. ரத்தக் குழாயின் சுவரில் இதற்கேற்ற பூட்டு இருக்கிறது. சாவி நுழைந்ததும் புதுக் குழாய் முளைக்கிறது. சாவியைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிஸுமாப் என்ற மருந்தை இரைப்பைப் புற்றுநோய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று 2011-இல் நிரூபிக்க முடியவில்லை. ராமுசிருமாப் என்ற மருந்து பூட்டின் துளையையே அடைத்துவிடும். முதல் சிகிச்சைக்குப் பிறகும் நோய் முற்றிய 665 பேரிடம் அதைச் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பாக்லிடாக்சல் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 7.4 மாதம் தாண்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 9.6 மாதம் தாண்டினார்கள்.

ஆக, கூடுதலாகக் கிடைத்தது சுமார் இரண்டு மாதம். மகள் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தகப்பனுக்கு அது பெரிதுதான். ஆனால் "புத்தையே ஒழிச்சிடும்" என்று யாராவது சொன்னால் நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். என்ன பலன் எதிர்பார்க்கலாம், எத்தனை நாள் போட வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று டாக்டரிடமே கேளுங்கள். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு உண்டு. உதவி கேட்க வெட்கம் வேண்டாம்.

இந்த மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றப்படும். உடம்பிலுள்ள நல்ல குழாய்களையும் இது தொடும். அதனால் ரத்த அழுத்தம் ஏறலாம், புண் ஆற நாளாகலாம். பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷன் செய்யவோ போனால் இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று வயிறு கல்லாக இறுகிப் பொறுக்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நோய் முற்றுமுன் கண்டுபிடித்தால் கட்டியை அறுத்தே எடுத்துவிடலாம். காரணமில்லாமல் எடை குறைவது, நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிறைவது, விழுங்கச் சிரமப்படுவது, மலம் தார் போலக் கறுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போய், கேமரா வைத்த குழாயை விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். எச். பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த நோய்க்கு முக்கியக் காரணம் அதுதான். நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அது அதிகம். மாத்திரையால் தீர்த்துவிடலாம்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதைச் சாப்பிடுகிறவர்கள் மாத்திரை உறையையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.