மேலெழும் பந்தை மேசைக்குள் அடக்க

டேபிள் டென்னிஸில் எதிராளி கீழிருந்து மேலாக உரசி அடித்த பந்து, உங்கள் மட்டையில் பட்டதும் மேசையைத் தாண்டிப் பறக்கிறதா? பலர் இன்னும் ஓங்கி அடித்துப் பார்க்கிறார்கள். பந்து இன்னும் தள்ளிப் போய் விழுகிறது. இப்படி முன்சுழற்சியோடு வரும் டாப்ஸ்பின் பந்து காற்றில் வளைந்து இறங்கும், மேசையில் குத்தியதும் முன்னால் பாயும், ரப்பரைத் தொட்டதும் மேலே ஏறும். அந்த ஏற்றத்தை அடக்கும் வேலைக்குத்தான் பிளாக்.

முதலில் எதிராளியின் கையைக் கவனியுங்கள். மட்டை தொடையருகிலிருந்து செங்குத்தாக ஏறினால் சுழற்சி அதிகம். முன்னோக்கி வீசினால் வேகம் அதிகம். லூப் என்பது சுழற்சி மிகுந்த டாப்ஸ்பின் அடி; மெதுவாக, உயரமாக வளைந்து வரும் லூப் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். வேகப் பந்தைவிட அதற்குத்தான் மட்டையை அதிகம் கவிழ்க்க வேண்டும்.

பின்வாங்காதீர்கள். மேசையை ஒட்டி, முழங்காலை மடித்து நில்லுங்கள். பந்து குத்தி எழும்போதே, உச்சிக்குப் போகுமுன் தொட்டுவிட வேண்டும். சென்னை வீரர் சத்தியன் ஞானசேகரனின் ஆட்டங்களைக் காணொலியில் பாருங்கள். மேசையை விட்டு விலகாமல் பந்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார் என்பது புரியும்.

மட்டையின் முகத்தை மேசைப் பக்கம் சாய்த்து, பந்தின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே தொடுங்கள். வலையின் உயரம் 15.25 செ.மீ.; அதன் மேல்விளிம்பையே குறிவையுங்கள், மிச்ச உயரத்தைச் சுழற்சி கொடுத்துவிடும். எவ்வளவு சாய்ப்பது என்பதை அன்றைய எதிராளிதான் தீர்மானிக்கிறார். பந்து வெளியே போனால் இன்னும் கவிழ்த்துங்கள், வலையில் விழுந்தால் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது பிடியில். பதற்றத்தில் கைப்பிடியை நெரித்தால் பந்து துள்ளி ஓடிவிடும். விரல்கள் தளர்ந்திருக்கட்டும், முழங்கை உடலுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் இழுத்து வீசவே வேண்டாம், பந்துக்குத் தேவையான வேகத்தை எதிராளியே கொடுத்துவிட்டார். மணிக்கட்டும் அசையக்கூடாது.

பயிற்சியில், கூட்டாளியை உங்கள் பேக்ஹேண்ட் மூலைக்கு மட்டும் லூப் போடச் சொல்லுங்கள். முதலில் குறுக்காகத் திருப்புங்கள்: மேசையின் நீளம் 2.74 மீட்டர், மூலைக்கு மூலை ஏறக்குறைய 3.14 மீட்டர். அந்தக் கூடுதல் இடம் தொடக்கத்தில் பெரிய உதவி. அது கைக்கு வந்தபின் நேர்க்கோட்டில் திருப்பிப் பழகலாம். பிறகு எதிராளியின் மட்டைக் கை முழங்கையை நோக்கி அனுப்புங்கள். போர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவர் முடிவெடுப்பதற்குள் அடுத்த லூப்பின் வலு பாதி குறைந்திருக்கும்.