கைக்கடிகாரம் கூறும் வரலாறு

நுழையும் முன்

பழம்பொருள்களைத் திரட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. திரட்டிய பொருளின் வரலாற்றை ஆராய்ந்து அறிவதோ கல்வி. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், நின்றுபோன பழைய கைக்கடிகாரம் ஒன்று அலமாரியில் உறங்கிக் கொண்டிருக்கக் கூடும். அஃது எங்கே உருவானது, எக்காலத்தது, யார் கையில் இருந்தது என்பவற்றைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பொழுதை அளந்த முன்னோர்

மாணவர்களே! காலத்தை அளக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் முன்னோர்க்குப் புதியதன்று. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளை அவர்கள் 60 நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடங்கள். நாழிகைக்குக் கடிகை என்னும் பெயரும் உண்டு. நீர் சொட்டும் கலத்தைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்தவர்களைப் பற்றிய செய்தி, பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டில் இடம்பெற்றுள்ளது.

கையில் அணியும் கடிகாரமோ நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் ஃபாவ்ர் லூபா நிறுவனம் 1865ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் வணிகத்தைத் தொடங்கியது. சென்னை அண்ணா சாலையில் மணிக்கூண்டுடன் விளங்கும் பி. ஓர் அண்ட் சன்ஸ் கட்டடம், 19ஆம் நூற்றாண்டுக் கடிகார வணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் இறக்குமதிப் பொருள்களாகவே இருந்தன. எளிய மக்களுக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன.

பெங்களூரில் பிறந்த கடிகாரம்

1953ஆம் ஆண்டு இந்திய அரசு 'இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்' என்னும் நிறுவனத்தைப் பெங்களூரில் நிறுவியது. எச்.எம்.டி. என்று நாம் சுருக்கமாக வழங்குவது இதனையே. இயந்திரங்களை உருவாக்கும் இயந்திரங்களைச் செய்வது அதன் முதல் நோக்கமாக இருந்தது. பின்னர், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் கைக்கடிகாரத் தயாரிப்பிலும் அது இறங்கியது. 1961ஆம் ஆண்டு, முதல் தொகுதிக் கைக்கடிகாரங்களைப் பிரதமர் ஜவஹர்லால் நேரு வெளியிட்டார்.

பெங்களூரின் ஜாலஹள்ளிப் பகுதியில் அமைந்த தொழிற்சாலையைத் தொடர்ந்து, துமகூரு, ஸ்ரீநகர், இமயமலை அடிவாரத்து ராணிபாக் ஆகிய இடங்களிலும் கடிகாரத் தொழிற்சாலைகள் எழுந்தன. நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டனர். ஜனதா, பைலட், சோனா, ஜவான், கோஹினூர், காஞ்சன், சுஜாதா எனப் பல பெயர்களில் கடிகாரங்கள் வெளிவந்தன. பார்வையற்றோர் மூடியைத் திறந்து, முள்ளைத் தொட்டு மணி அறியத்தக்க பிரெயில் கடிகாரமும் அவற்றுள் ஒன்று. இந்நிறுவனம் தன் வாழ்நாளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களைத் தயாரித்தது.

தேர்வில் வென்ற மகனுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும், பணிநிறைவு பெறும் தொழிலாளிக்கும் அந்நாளில் கைக்கடிகாரமே சிறந்த பரிசாகக் கருதப்பட்டது. வேலை தேடித் தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள் பலர், இங்குள்ள பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்தனர். ஆகவே, ஒரு வீட்டில் உள்ள பழைய கடிகாரம், அக்குடும்பம் இந்நகருக்கு வந்த கதையோடும் தொடர்புடையதாக இருக்கலாம்.

சாவியும் மின்கலமும்

அக்காலக் கடிகாரங்கள் பெரும்பாலும் சாவி கொடுத்தால் ஓடுபவை. பக்கத்திலுள்ள திருகைச் சுழற்றும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்லத் தளரும் விசை பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவ்விசை ஒரே நேரத்தில் விடுபட்டுவிடாமல், முன்னும் பின்னுமாக அசையும் சமன்சக்கரம் காக்கிறது. ஜனதா கடிகாரத்தில் இத்துடிப்பு ஒரு மணிக்கு 18,000, அதாவது ஒரு நொடிக்கு 5. காதருகே வைத்தால் கேட்கும் 'டிக் டிக்' ஒலி இத்துடிப்பின் ஒலியே. முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு, உள்ளே விலைமதிப்புள்ள கற்கள் இருப்பதாகச் சிலர் எண்ணுவர். அவை ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் செயற்கை மாணிக்கக் கற்கள். அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக அவை பதிக்கப்படுகின்றன.

1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தால் இயங்கும் இவ்வகைக் கடிகாரத்தில், சிறு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. துடிப்பு மிகுந்ததால் துல்லியமும் மிகுந்தது. நாள்தோறும் சாவி கொடுக்கும் வேலையும் இல்லை.

1984ஆம் ஆண்டு, டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் 'டிட்கோ' நிறுவனமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் அமைந்தது. 1987ஆம் ஆண்டில் டைட்டன் கடிகாரங்கள் விற்பனைக்கு வந்தன. மக்களின் விருப்பம் குவார்ட்ஸ் கடிகாரங்களின்பால் திரும்பியது. எச்.எம்.டி. நிறுவனமும் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. எனினும் போட்டியில் பின்தங்கி, இழப்பில் ஆழ்ந்தது. 2016ஆம் ஆண்டு ஜனவரியில், அதன் கடிகாரப் பிரிவை மூட நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

தொழிற்சாலை மறைந்தாலும் கடிகாரங்கள் மறையவில்லை. லால்பாக் பூங்காவில் எச்.எம்.டி. அமைத்த பூக்கடிகாரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஜாலஹள்ளியில் 2019ஆம் ஆண்டு முதல் எச்.எம்.டி. மரபு மையமும் அருங்காட்சியகமும் இயங்கி வருகின்றன. ஆனால் ஒவ்வொரு கடிகாரத்தின் தனிவரலாறும் அருங்காட்சியகத்தில் கிடைக்காது. அஃது அதனை அணிந்தவர் வீட்டில்தான் கிடைக்கும்.

கடிகாரத்தைப் படிக்கும் முறை

ஏட்டைப் படிப்பதுபோலக் கடிகாரத்தையும் படிக்கலாம். அதற்கு நான்கு படிகள் உள்ளன.

முதற்படி, முகப்பைக் காணுதல். நிறுவனத்தின் பெயர், வகையின் பெயர், எழுத்து வடிவம், முட்களின் அமைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கக்கால எச்.எம்.டி. கடிகாரங்கள் சிலவற்றின் முகப்பில் சிட்டிசன் என்னும் பெயரும் காணப்படும். ஜனதா வகையில் தேவநாகரி எழுத்தில் பெயர் பொறித்தவையும் உண்டு.

இரண்டாம் படி, பின்மூடியைக் காணுதல். அங்கே எண்களும் உலோகத்தின் தன்மையும் பொறிக்கப்பட்டிருக்கும். பரிசாக அளிக்கப்பட்ட கடிகாரமாயின், பெற்றவர் பெயரும் நாளும்கூட இருக்கலாம். மூடியை நீங்களே நெம்பித் திறத்தல் கூடாது. தூசியும் ஈரமும் உட்புகுந்து இயக்கத்தைக் கெடுத்துவிடும். மேலும், மிகப் பழைய வெளிநாட்டுக் கடிகாரங்கள் சிலவற்றில், இருளில் ஒளிர்வதற்காகக் கதிரியக்கமுள்ள ரேடியம் பூசப்பட்டிருக்கும். எனவே உட்பகுதியைக் காண வேண்டுமெனில், கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் செய்க.

மூன்றாம் படி, கால எல்லையை வரையறுத்தல். எச்.எம்.டி. கைக்கடிகாரம் எனில் அது 1961ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அந்நிறுவனத்தின் குவார்ட்ஸ் கடிகாரம் எனில் 1980களுக்கு முற்பட்டதன்று. இவ்வாறு முன்னெல்லையை வகுத்தபின், வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, பழைய நிழற்படங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆண்டை நெருங்கலாம்.

நான்காம் படி, பெரியோரைக் கேட்டல். யார் வாங்கியது? எந்த நிகழ்ச்சிக்காக? எந்த ஊரில்? முதற்சம்பளத்தில் வாங்கியதா? எப்போது நின்றது? ஏன் பழுதுபார்க்கவில்லை? அவர்கள் கூறும் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

சான்றுகள் முரண்பட்டால்

தாத்தா தம் திருமணத்துக்கு 1975ஆம் ஆண்டில் பெற்ற கடிகாரம் என ஒரு குடும்பத்தினர் ஒன்றைக் காட்டுகின்றனர் எனக் கொள்வோம். ஆராய்ந்து பார்த்தால் அஃது எச்.எம்.டி. குவார்ட்ஸ் கடிகாரமாக உள்ளது. இப்போது என்ன செய்வது? குடும்பத்தார் கூற்றைப் பொய் எனத் தள்ளுதல் தகாது. திருமணத்தின்போது வேறொரு கடிகாரம் வந்திருக்கலாம். அது தொலைந்தபின் வாங்கிய கடிகாரத்தோடு பழைய நினைவு சேர்ந்திருக்கலாம். ஆகவே பொருள் கூறுவதையும் மனிதர் கூறுவதையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் இணைத்து, நமக்கு விருப்பமான கதையாக மாற்றிவிடுதல் வரலாறு ஆகாது.

பளபளப்பு எது? உண்மை எது?

பழைய கடிகாரங்களுக்கு இன்று விரும்பி வாங்குவோர் பெருகியுள்ளனர். எனவே முகப்பின் பழைய வண்ணத்தைச் சுரண்டி, புதிய வண்ணம் பூசி, பெயரை மீண்டும் அச்சிட்டு விற்பவர்களும் உள்ளனர். வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பதும் உண்டு. எழுத்துகள் தடித்தோ கோணியோ இருத்தல், நிமிடக் கோடுகள் சீராக அமையாமை, மங்கிய உறையின் நடுவே முகப்பு மட்டும் கண்ணைப் பறித்தல் ஆகியவை ஐயத்துக்கு இடமளிக்கும் அடையாளங்கள்.

மின்னுவதெல்லாம் பொன்னன்று என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். மங்கிய முகப்பும் கீறல் விழுந்த கண்ணாடியும் குறைகள் அல்ல. கடிகாரம் ஒருவர் கையில் உழைத்த ஆண்டுகளின் சான்றுகள் அவை. முகப்பை மாற்றினால் கடிகாரம் அழகு பெறலாம். ஆனால் அதன் சாட்சியம் அழிந்துவிடும். எண்ணெயிட்டு ஓடச் செய்வது பாதுகாப்பு. வண்ணம் பூசிப் புதிதாக்குவது அழிப்பு. தேர்ந்த சேகரிப்பாளர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தவர்.

நூறு கடிகாரங்களை விலைகொடுத்து வாங்கி அடுக்கி வைத்தவரைவிட, தம் வீட்டிலுள்ள ஒரே கடிகாரத்தின் வரலாற்றைச் சான்றுகளோடு எழுதி வைத்தவரே சேகரிப்பின் பயனை முழுமையாக அடைந்தவர். நின்றுபோன கடிகாரத்தை எப்போது வேண்டுமாயினும் பழுதுபார்த்து ஓட்டலாம். அதன் கதையை அறிந்த பெரியோரிடம் கேட்பதற்கு உரிய காலம் இதுவே.

சொல்லும் பொருளும்

எட்டாக்கனி – அடைய இயலாத பொருள்
சுருள்வில் – விசையைத் தேக்கி வைக்கும் சுருண்ட உலோகத் தகடு
சமன்சக்கரம் – கடிகாரத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் சக்கரம்
முகப்பு – எண்களும் கோடுகளும் அமைந்த கடிகாரத்தின் முன்பகுதி
சாட்சியம் – ஒன்றை உண்மை என நிறுவ உதவும் சான்று
முன்னெல்லை – இதற்கு முன் இருக்க இயலாது எனக் கூறும் கால வரம்பு

இலக்கணம் அறிவோம்

கைக்கடிகாரம் = கை + கடிகாரம் (தோன்றல் விகாரம்)
பழம்பொருள் – பண்புத்தொகை
சுருள்வில் – வினைத்தொகை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஒரு நாழிகை எத்தனை நிமிடங்களைக் கொண்டது?
2. கடிகாரத்தில் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்படுவது ஏன்?
3. டைட்டன் தொழிற்சாலை எவ்வூரில் அமைந்தது?
4. கடிகாரத்தின் பின்மூடியை நாமே திறத்தல் கூடாது. ஏன்?

ஆ. கணக்கிட்டு விடை காண்க.
ஒரு மணிக்கு 18,000 முறை துடிக்கும் கடிகாரம் ஒரு நாழிகைப் பொழுதில் எத்தனை முறை துடிக்கும்? ஒரு நாள் முழுவதும் எத்தனை முறை துடிக்கும்?

இ. விரிவான விடை தருக.
1. பழைய கடிகாரத்தைப் படிக்கும் நான்கு படிகளை விளக்குக.
2. "எண்ணெயிட்டு ஓடச் செய்வது பாதுகாப்பு, வண்ணம் பூசிப் புதிதாக்குவது அழிப்பு." இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தந்து எழுதுக.

ஈ. செயல்திட்டம்
உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய கடிகாரம் ஒன்றைப் பெரியோரின் இசைவுடன் ஆராய்க. கடிகாரம் இல்லையெனில் வானொலிப் பெட்டி, தையல் இயந்திரம், பித்தளைச் செம்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்க. ஒரு தாளை இரண்டாகப் பகுத்து, இடப்பக்கம் 'பொருள் கூறுவது' எனவும், வலப்பக்கம் 'பெரியோர் கூறுவது' எனவும் தலைப்பிட்டு எழுதுக. இரண்டும் ஒத்துவரும் இடங்களையும் முரண்படும் இடங்களையும் வகுப்பில் எடுத்துரைக்க.