இணையத்துக்கும் ஓர் ஏலக்கூடம்



நான் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவக் குப்பத்திலிருந்து படிக்க வருபவன். மூன்றாமாண்டு புராஜெக்டுக்காக நானும் இரண்டு நண்பர்களும் காசிமேட்டு மீன் விலையைச் செல்போனில் காட்டும் ஒரு பக்கம் தயாரித்தோம். அதற்கான சர்வர் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்தது.

ஒருநாள் விடியற்காலை அப்பா இறாலோடு கரைக்கு வந்தார். போனில் சிக்னல் முழுசாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை. வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், "ஏன்டா, அம்பத்தூர் இங்கதானே இருக்கு? அங்க போய்ச் சேரக்கூட உன் போனுக்கு வழி தெரியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை.

பாக்கெட் போன பாதை

அன்று மாலை லைன் சரியானதும் டிரேஸ்ரூட் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். தகவல் பாக்கெட் எந்தெந்த ரவுட்டரைத் தாண்டிப் போகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அது காட்டும். ஒளி, கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். எனவே 100 கி.மீ. போய்வர 1 மில்லி செகண்ட் போதும். பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய 60 கி.மீ.தான். ஆனால் டவரைத் தாண்டிய முதல் ரவுட்டருக்கும் சர்வருக்கும் இடையே மட்டும் 30 மில்லி செகண்டுக்கு மேல் ஆனது. நடுவில் வந்த ரவுட்டர் பெயர்களில் மும்பையின் சுருக்கெழுத்து இருந்தது. பெயர் மட்டும் என்றால் நம்ப வேண்டியதில்லை. நேரமும் அதையே சொன்னது.

விஷயம் இதுதான். எங்கள் செல்போன் நிறுவனமும் சர்வர் இருந்த நிறுவனமும் சென்னையில் இணையவில்லை, மும்பையில்தான் இணைந்திருந்தன. அன்று காலை அந்த நெடுந்தூர லைனில்தான் கோளாறு. மும்பை போனதோடு அம்பத்தூரும் போய்விட்டது!

பியரிங், கோலொகேஷன் என்றால் என்ன?

இரண்டு வலையமைப்புகள் தத்தம் வாடிக்கையாளர்களின் தகவலை நேரடியாகப் பரிமாறிக்கொள்வது பியரிங். 10 நிறுவனங்கள் தனித்தனியே ஒன்றோடொன்று இணைய வேண்டுமானால் 45 லைன்கள் வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரு பொது ஸ்விட்சுக்கு வந்துவிட்டால் 10 லைன்களே போதும். அந்தப் பொது இடமே இணையப் பரிமாற்ற மையம். அங்கே பிறருடைய கட்டிடத்தில் ரேக், மின்சாரம், குளிரூட்டும் வசதி ஆகியவற்றை வாடகைக்கு எடுத்து நம் ரவுட்டரை வைப்பது கோலொகேஷன்.

முன்பெல்லாம் ஓர் இந்திய நிறுவனத்திலிருந்து இன்னோர் இந்திய நிறுவனத்துக்குப் போகும் தகவல்கூட வெளிநாடு போய்த் திரும்பியது உண்டு. இதைத் தவிர்க்கவே 2003-ல் லாப நோக்கமற்ற 'நிக்ஸி' தொடங்கப்பட்டது. அதன் முதல் மையங்கள் நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு இடங்களில் அமைந்தன.

இடத்தை எப்படித் தேர்வு செய்வது?

1. யார் யார் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்? இதுதான் முதல் கேள்வி. இடம் மலிவாக இருந்தும் ஆளில்லை என்றால் பயனில்லை.

2. இடம் நடுநிலையானதா? ஒரு நிறுவனத்தின் கட்டிடத்துக்குள் அதன் போட்டியாளர் வரத் தயங்குவார். எங்கள் ஏரியில் 'பாடு' முறைப்படி முறை வைத்து வலை போடுகிறோம். பொது இடத்துக்குப் பொது விதி வேண்டும்.

3. ஃபைபர் இரண்டு வெவ்வேறு தெருக்கள் வழியாக வருகிறதா? இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போனால் ஒரு ஜேசிபி போதும், இரண்டும் காலி.

4. மின்சாரமும் தரைமட்டமும் எப்படி? 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையில் ஜெனரேட்டரையும் டீசல் தொட்டியையும் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டே ஆகவேண்டும்.

சென்னைக்கு இன்னொரு பலம் கடலடிக் கேபிள்கள். சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கி.மீ. நீளமுள்ள ஐ2ஐ 2002-லும், சீ-மீ-வீ 4 கேபிள் 2005-லும், அந்தமான் கேபிள் 2020 ஆகஸ்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. கேபிள் கரையேறும் ஊரில் வலையமைப்புகள் கூடுவது இயல்பு.

எங்கள் ஊரிலேயே வைக்கலாமே?

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிவிட்டு, "நம்ம ஊர்லயும் கடல் இருக்கே, இங்கேயே ஒரு மையம் வெச்சா என்ன?" என்றேன். அவர் சிரித்தார். "மீனைப் புடிச்ச எடத்துலயா ஏலம் விடறோம்? வாங்கறவன் எங்க கூடறானோ அங்கதான் கூடையை எறக்கணும்." நான் நான்கு பாராவில் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!

ஆகவே மையம் எங்கள் குப்பத்துக்கு வர வேண்டியதில்லை. எங்களுக்குச் சேவை தரும் நிறுவனம் மும்பையோடு நின்றுவிடாமல் சென்னையிலும் மற்றவர்களோடு இணைந்தால் போதும். நாங்கள் சர்வரை அப்படி இணைந்திருக்கும் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினோம். இப்போது பாக்கெட் சென்னையைத் தாண்டுவதில்லை. அப்பாவும் விலை பார்த்துத்தான் இறாலை இறக்குகிறார்.

நண்பர்களே, நம் லேபிலும் டிரேஸ்ரூட் கொடுத்துப் பாருங்கள். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் லைன் வாங்கும் பொறுப்பு வந்தால் "வேகம் எத்தனை எம்.பி.?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "மற்றவர்களோடு எங்கே சந்திக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள்.